வியாழனுக்குத் தரை எங்கே? மலையிலிருந்து வந்த கேள்விகள்

உறைபனி தொடங்கி இரவு வானம் துடைத்துவிட்டது போல ஆனதும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பலர் டெலஸ்கோப்பை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கேள்விகள் வரத் தொடங்கும். இந்த முறை பாதிக்கு மேல் கோள்களின் அளவைப் பற்றித்தான்.

குன்னூரிலிருந்து: டெலஸ்கோப்பில் வியாழன் இத்தனூண்டு தெரிகிறது. அது 1,42,984 கி.மீ. அகலம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கோணமும் தூரமும் தெரிந்தால் போதும். ஒரு டிகிரியை 3,600 கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுதான் ஆர்க் செகண்ட். வியாழன் 62.8 கோடி கி.மீ. தொலைவில் இருக்கும்போது அதன் அகலம் சுமார் 47 ஆர்க் செகண்ட், அதாவது நூறு மீட்டர் தள்ளி வைத்த ஐந்து ரூபாய் நாணயம் அளவு. தூரத்தைக் கோணத்தால் பெருக்கி 2,06,265-ஆல் (ஒரு ரேடியன் கோணத்தில் இத்தனை ஆர்க் செகண்ட்) வகுத்துப் பாருங்கள், விடை வந்துவிடும். தூரம் எப்படித் தெரியும் என்று அடுத்துக் கேட்பீர்கள். 1961-இல் வெள்ளியின் மேல் ரேடார் அலையை மோதவிட்டு, அது திரும்பி வந்த நேரத்தை வைத்துச் சூரியக் குடும்பத்தின் அளவுகோலையே சரிசெய்தார்கள். மற்ற கோள்களின் தூரம், சுற்றும் காலத்தையும் சூரியனிலிருந்து உள்ள தூரத்தையும் இணைக்கும் கெப்ளர் விதியிலிருந்து தானாக வந்துவிடும்.

சிக்கல் நம் காற்றில் இருக்கிறது. அது படத்தை ஓர் ஆர்க் செகண்ட் கலக்கினாலே வியாழனில் 3,000 கி.மீ. தவறிப்போகும்.

கோத்தகிரியிலிருந்து: ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் பெரிய தொலைநோக்கியை வைத்துக் கோள்களை அளப்பார்களா?

இல்லை, அது ரேடியோ தொலைநோக்கி; தொலைதூர ரேடியோ மூலங்களை, அதாவது ரேடியோ அலை வீசும் வான்பொருள்களைப் பார்ப்பதற்காக 1970-இல் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை அளவுக்கே, சுமார் 11 டிகிரி, சாய்ந்திருந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் கிடத்தியதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. எனக்கு இன்றும் வியப்பு தரும் யோசனை அது. ஆனால் உங்கள் கேள்விக்கு அங்கேயே ஒரு பதில் இருக்கிறது: நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது சிக்னல் எப்படிக் குறைகிறது என்று நேரம் பார்த்து, அந்த மூலத்தின் அளவைக் கண்டுபிடிப்பதுதான் அதைக் கட்டியதன் முதல் நோக்கமே.

கோள்களுக்கும் இதே வழிதான், கொஞ்சம் தலைகீழாக. ஒரு கோள் ஏதாவது நட்சத்திரத்தை மறைத்தால், எத்தனை நொடி மறைத்தது என்பதை அதன் வேகத்தால் பெருக்க, கோளின் குறுக்கே ஒரு கோட்டின் நீளம் கிடைக்கும். பல ஊர்களில் இருந்து பார்த்தால் பல கோடுகள், அவற்றைச் சேர்த்தால் உருவமே வந்துவிடும். கோணத்தை அளப்பதைவிட நேரத்தை அளப்பதைத்தான் நான் நம்புவேன், காற்று எவ்வளவு ஆட்டினாலும் நட்சத்திரம் மறைந்த நொடி மாறாது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் காவலூர் வானாய்வகத்திலிருந்தும் பார்த்தார்கள். அளவெடுக்கப் போன அந்த இரவில் உலகுக்கு யுரேனஸின் வளையங்கள் கிடைத்தன! 2017-இல் ஹௌமியா என்ற குறுங்கோளும் இப்படித்தான் மாட்டியது: நான்கு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றுகிற வேகத்தில் முட்டை போல நீண்டு கிடக்கிறது, நீளம் 2,300 கி.மீ.க்கு மேல்.

கொடைக்கானலிலிருந்து: கோள்கள் எல்லாம் சரியான உருண்டைதானா?

வெள்ளியும் புதனும் ஏறக்குறைய உருண்டைதான், மெதுவாகச் சுற்றுகின்றன. சனி பத்தரை மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுவதால் இடுப்பு பிதுங்கி, நடுவே 1,20,536 கி.மீ., துருவங்களுக்கிடையே 1,08,728 கி.மீ. என்று நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் நம் பூமியையே கிட்டத்தட்ட வைத்துவிடலாம். பூமியில் அந்த வித்தியாசம் 43 கி.மீ. மட்டுமே.

கூடலூரிலிருந்து: வியாழன் வாயுக் கோளாயிற்றே, எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள்?

நல்ல கேள்வி. அங்கே தரையே கிடையாது. காற்றழுத்தம் 1 பார், அதாவது நம் கடற்கரையில் இருப்பது போல இருக்கும் மட்டத்தைத்தான் 'மேற்பரப்பு' என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். (ஊட்டியில் அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான்.) வாயேஜர் போன்ற விண்கலங்கள் கோளுக்குப் பின்னால் போய் மறையும்போது அவற்றின் ரேடியோ அலை வளிமண்டலத்தில் வளைந்து வரும், அந்த வளைவிலிருந்து எந்த உயரத்தில் எவ்வளவு அழுத்தம் என்று கணக்கிட்டார்கள். வெள்ளியில் வேறு கதை: கண்ணுக்குத் தெரிவது தரைக்கு 65, 70 கி.மீ. மேலே இருக்கும் மேகம், உண்மையான தரையைத் தொட ரேடார்தான் வேண்டும்.

ஊட்டியிலிருந்து: வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை?

கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி 1 சதவீதம் குறைந்தால் கோளின் விட்டம் நட்சத்திரத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு (ஒளியை மறைப்பது பரப்பளவு, விட்டம் அதன் வர்க்கமூலம்). நட்சத்திரத்தின் அளவு தப்பாக இருந்தால் கோளின் அளவும் தப்புதான்.

மறுபடி குன்னூர்: தொட்டபெட்டா கடல் மட்டத்திலிருந்து 2,637 மீட்டர். கடலே இல்லாத செவ்வாயில் மலையின் உயரம் எதிலிருந்து?

முதலில் கடல் மட்டமே சமம் இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடல், கணக்குப்படி இருக்க வேண்டிய மட்டத்துக்குச் சுமார் 100 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. காரணம் அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு. செவ்வாயிலும் ஈர்ப்பை வைத்து ஒரு கற்பனைக் கடல் மட்டத்தை வரைந்துகொண்டார்கள். மார்ஸ் குளோபல் சர்வேயர் கலம் மேலிருந்து லேசர் அடித்து, ஒளி திரும்பிய நேரத்தை வைத்துத் தரையின் மேடு பள்ளங்களை அளந்தது. ஒலிம்பஸ் மான்ஸ் சுமார் 21 கி.மீ. என்பது அந்தக் கற்பனைக் கடலுக்கு மேலேதான்.