சிறுநீர் அடைப்பால் சிறுநீரகம் வீங்கும் ஆபத்து யாருக்கு அதிகம்?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்று போட்டிருந்தால், பெரும்பாலும் கீழே இறங்க வேண்டிய சிறுநீர் எங்கோ தடைபட்டு, சிறுநீரகத்தில் தேங்கி வீங்கியிருக்கிறது என்று பொருள். காரணம் வயதுக்கு வயது மாறும்.

நடுத்தர வயதில் முதல் சந்தேகம் சிறுநீரகக் கல்தான். ஏற்கெனவே கல் வந்தவர்களும், வெயிலில் வேலை செய்து தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கம். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இரவில் நாலைந்து முறை எழுந்து போவதையும், முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போவதையும் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அடைப்பு மெதுவாக வளர்ந்தால் வலியே தெரியாது. சிறுநீர்ப்பை எப்போதும் நிரம்பியே கிடந்து இரண்டு சிறுநீரகமும் பழுதாகலாம். நீண்டகாலச் சர்க்கரை நோயில் நரம்பு கெட்டு, பை சரியாகக் காலியாகாதபோதும் இதே கதைதான்.

பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயை நெருக்கலாம். கர்ப்பகாலத்தில், குறிப்பாக வலப்பக்கம், லேசான வீக்கம் சகஜம்; பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சரியாகிவிடும். குழந்தைகளுக்கு என்றால் சிறுநீர் போகும் வழியில் பிறவிக் குறுகல்.

கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஈடுகட்டிவிடும். குளிர்க்காய்ச்சலோடு விலாவலி வந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றுபோனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.