கடலோரமாக ஒரு வாரம் சைக்கிள் பயணம்: தினமும் 120 கிலோமீட்டர் போக முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது: ஏழு நாள், கடலை ஒட்டியே போக வேண்டும், கரையோரச் சாலை சமதளம்தானே, தினமும் 120 கிலோமீட்டர் வராதா, வழியை எப்படித் தேர்ந்தெடுப்பது. இதே கணக்கை நானும் ஒருமுறை தாளில் போட்டு வைத்திருந்தேன். அதனால்தான் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக முடியவில்லை.

விடுமுறை நாள் காலையில் 50, 60 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர் நீங்கள், கேரியரில் பாரம் கட்டி இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓட்டியதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். நேரடியான பதில் இதுதான்: தினமும் 60, 70 என்று கணக்கு வையுங்கள். கடலை ஒட்டியே போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள்.

200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் ஆடாக்ஸ் (நேர வரம்போடு போகும் நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டிகள் இதைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது கடிகாரத்தோடு ஓடுவது. இங்கே கேட்டிருப்பவர் கூடாரம், துணிமணி, தண்ணீர் எல்லாம் தூக்கிக்கொண்டு ஏழு நாள் ஓட்டப் போகிறவர்.

தாளில் போட்ட அந்தக் கணக்கோடு நானும் என் அக்காவும் ஒரு பயணம் போனோம். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆளுக்குப் பதினான்கு கிலோ பாரம். முதல் இரண்டு நாள் 110, 115 என்று ஓட்டினோம். மூச்சே வாங்கவில்லை. நம் காலில் இவ்வளவு பலமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. காற்று முதுகில் இருந்தது என்பது அப்போது உறைக்கவே இல்லை. பின்காற்று இருக்கும்போது காற்றே இல்லாத மாதிரிதான் தோன்றும்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு முனை வந்தது. கரை திரும்பியது, சாலை திரும்பியது, நாங்களும் திரும்பினோம். காற்று திரும்பவில்லை. 22 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் 9க்கு வந்துவிட்டோம். காதில் ஒரே இரைச்சல். பக்கத்தில் வந்த அக்கா சொன்னது கூடக் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்து ஹேண்டில்பாரில் இருந்த வேகமானியையே பார்த்து மிதித்துக்கொண்டிருந்தேன். "சாயங்காலம் நின்னுடும்க்கா"ன்னு கத்தினேன். அக்கா இறங்கி நின்று கையைக் காட்டினார்.

"மரத்தைப் பாருடா."

சாலையோர மரம் அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. கடல் பக்கம் கிளையே இல்லை. சீப்பால் வாரிவிட்டது போல எல்லாக் கிளையும் நாங்கள் வந்த திசையை நோக்கிப் போயிருந்தன.

"இது இன்னைக்கு வந்த காத்து இல்லை. இந்த மரம் முளைச்ச நாள்லேர்ந்து அடிக்கிற காத்து."

காற்றின் கணக்கு கொடுமையானது. காற்று நம் மேல் மோதும் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். காற்றே இல்லாத நாளில் 20இல் போகிறவர், 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் அதே வேகத்தைப் பிடிக்க நினைத்தால் நான்கு மடங்கு தடையைத் தள்ள வேண்டும். தொடைக்கு அது தாங்காது. மலை ஏற்றத்துக்கு ஒரு உச்சி உண்டு, மறுபக்கம் இறக்கமும் உண்டு. எதிர்காற்றுக்கு இரண்டும் கிடையாது.

மத்தியானம் ஒரு முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். வரைபடத்தில் ஆற்றின் குறுக்கே புள்ளிக்கோடு இருந்தது, அதாவது படகு. ஆனால் காற்று அதிகம் என்று படகை நிறுத்திவிட்டார்கள். எதிர்க்கரை 400 மீட்டர் இருந்தால் அதிகம். அங்கே ஒருவர் துணி உலர்த்துவது தெரிகிறது, துணியின் நிறம் தெரிகிறது. பாலம் எங்கே என்று பார்த்தால் 19 கிலோமீட்டர் மேலே. போய்க் கடந்து மறுகரை வழியாகத் திரும்பினால் 38. படகுத்துறைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சரி என்று பாலத்தை நோக்கித் திரும்பினோம். இரண்டு கிலோமீட்டர் போனதும் காதிலிருந்த இரைச்சல் நின்றது. என் சைக்கிள் செயின் ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. வீடு, வேலி, மரம் எல்லாம் காற்றை உடைத்துவிடுகின்றன. திறந்த கடலில் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. பாலத்துக்கு முன்னால் ஒரு வாய்க்கால் கரைப் பாதை பிரிந்தது. மண் பாதைதான், ஆனால் இறுகிய மண். நிழல், பக்கத்திலேயே தண்ணீர், வண்டி நடமாட்டம் கிடையாது. வாய்க்கால் கரை ஏறி இறங்குவது அபூர்வம், தண்ணீர் ஓட வேண்டுமே. அன்று மாலை 40 கிலோமீட்டர் பேசிக்கொண்டே ஓட்டினோம்.

அதன் பிறகு கடலிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே, ஊர்களுக்கு நடுவில் போனோம். இரண்டு நாளைக்கு ஒரு முறை குறுக்குச் சாலை பிடித்துக் கடலுக்கு இறங்கி, அங்கே இரவு தங்கி, விடிவதற்குள் கிளம்பினோம். கடற்காற்று வெயில் ஏறிய பிறகுதான் எழும்பும். நிலம் சூடாகிக் காற்று மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். பிற்பகலில்தான் அதன் பலம் அதிகம். விடியற்காலையில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அதனால் கடலோரத் துண்டு எது வந்தாலும் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். பருவக்காற்று மாதிரி நாள் முழுக்க அடிக்கிற காற்றுக்கு இந்த உபாயம் செல்லாது. அதற்குப் புறப்படும் திசையைத்தான் மாற்ற வேண்டும்.

திசையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் பசிபிக் கரை வழியில் பெரும்பாலானவர்கள் வடக்கிலிருந்து தெற்காகத்தான் ஓட்டுவார்கள். கோடையில் அங்கே காற்று வடமேற்கிலிருந்து வருகிறது. இன்னொரு காரணம், அங்கே வண்டிகள் வலப்பக்கம் போவதால் தெற்கே போகிறவருக்குக் கடல் தன் பக்கத்திலேயே இருக்கும். நின்று பார்க்கச் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் கடல் உங்களுக்கு இடப்பக்கம் வரும்படி பாருங்கள். காற்றும் ஒத்துழைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

கடற்கரை சமதளம் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மணல் கரை என்றால் சரி. பாறைக் கரை என்றால் ஒவ்வொரு ஓடையும் கடலுக்குப் போகும் வழியில் ஒரு பள்ளத்தை அறுத்து வைத்திருக்கும். சாலை அதில் இறங்கி உடனே ஏற வேண்டும். இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் கரை இதற்குப் பேர் போனது. கடல் மட்டத்தை விட்டு அதிக உயரம் போகாமலேயே ஒரு மலைக்கணவாய் அளவுக்கு ஏறியிருப்பீர்கள்.

முகத்துவாரத் தொல்லை இல்லாத கடல் வழி வேண்டுமென்றால் ஜப்பானின் ஷிமானாமி கைடோ இருக்கிறது. ஓனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை சுமார் 70 கிலோமீட்டர், தீவுக்குத் தீவு பாலம். பாலத்துக்கு ஏற சைக்கிளுக்கென்று தனிச் சரிவு, அதுவும் மெதுவான ஏற்றம். சாலையில் போட்டிருக்கும் நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகலாம். முதல் பயணத்துக்கு அந்த மாதிரி வழிதான் சரி. நார்வேயிலிருந்து போர்ச்சுகல் வரை அட்லாண்டிக் கரையோரம் வரும் யூரோவெலோ 1 முழுதும் ஓட்ட மாதக்கணக்கில் ஆகும். பிரான்சுக்குள் வரும் துண்டு மட்டும் ஒரு விடுமுறைக்குத் தாங்கும்.

கிராமப்புற வழியில் தொலைந்துபோவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பெல்ஜியத்தின் லிம்பர்க்கில் 1995இல் இதற்கு ஒரு வழி செய்தார்கள். சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடத்துக்கெல்லாம் எண் கொடுத்துவிட்டார்கள். 12, 47, 33 என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். பக்கத்து நெதர்லாந்திலும் இப்போது இதே முறைதான். அப்படி எண் இல்லாத நாட்டில் நான் முந்தின இரவே திருப்பங்களைத் தாளில் எழுதிவிடுவேன். போன் பேட்டரி போனாலும் தாள் இருக்கும்.

செயின் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். கடலோரத்தில் ஒரு இரவு சைக்கிளை வெளியே நிறுத்தினேன். காலையில் செயின் முழுக்க ஆரஞ்சு நிறம், தொட்டால் விரலில் பொடி. ஒரு கண்ணி மட்டும் இறுகிப்போய், அது வரும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு உதை. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டால் தீர்ந்தது. கடலோரத்தில் இதைத் தினமும் மாலையில் செய்ய வேண்டும். எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் இருக்கிறது. திரும்பும்போது பேருந்தின் அடியில் சைக்கிளை ஏற்றினோம். மேலே யாரோ பெட்டியை வைத்து அழுத்திவிட்டார்கள். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. சின்ன அலுமினியத் துண்டு, விரல் நீளம்தான். சைக்கிளின் சட்டம் (ஃப்ரேம்) உடையாமல் இருக்க அது வளைய வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதை வாங்க ஏழு கடை ஏறினேன். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவம். ஒரு துளை மேலே, ஒரு துளை கீழே, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காகச் சைக்கிள் மூன்று வாரம் சுவரோரம் நின்றது. எல்லாத் தயாரிப்பாளரும் தங்கள் சட்டத்தில் வைக்கக்கூடிய மாதிரி ஒரு பொது ஹேங்கர் 2019இல் வந்தது. பலர் அதற்கு மாறினார்கள், மாறாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டியூப், பஞ்சர் ஒட்டு, ஸ்போக் எல்லாம் எந்த ஊரிலும் கிடைத்துவிடும். உங்கள் சைக்கிளுக்கான ஹேங்கர் ஒன்றை இன்றே வாங்கிப் பையில் போடுங்கள்.

எங்கள் ஏழு நாள் மொத்தம் 520 கிலோமீட்டரில் முடிந்தது. முதல் இரண்டு நாளில் ஓட்டிய 225ஐக் கழித்துப் பார்த்தால் மீதி நாளில் எவ்வளவு என்று தெரியும். குறைவுதான் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஐந்து நாளைத்தான் அக்கா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

எந்த மாதம் போகிறீர்கள், அந்த மாதத்தில் காற்று எந்தத் திசை, வழியில் எத்தனை முகத்துவாரம், ஒவ்வொன்றுக்கும் கடலுக்கு முந்தின கடைசிப் பாலம் எங்கே, இவற்றைப் பார்த்துவிட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நாள்வாரியாகப் பிரித்துத் தருகிறேன்.