கணினிக் கேள்வி பதில்: றேடியோவும் யூ.எஸ்.பி சவுண்ட் காட்டும்

கேள்வி: ஐயா, பழைய லப்டொப்பில் உபுண்டு போட்டு, சின்ன யூ.எஸ்.பி சவுண்ட் டொங்கிள் ஒன்றால் றேடியோவை இணைத்து எஃப்.ரி.8 (அமெச்சூர் றேடியோவில் கணினி வழியாகக் குறுஞ்செய்தி மாற்றும் முறை) செய்துகொண்டிருந்தேன். திடீரென்று அதற்கான மென்பொருளான டபிள்யூ.எஸ்.ஜே.ரி-எக்ஸ் திரையில் ஒரு கோடும் விழவில்லை. லினக்ஸைத் திரும்ப நிறுவியும் பார்த்துவிட்டேன். டொங்கிள் பழுதா? விலை கூடின இன்டர்ஃபேஸ் வாங்கத்தான் வேணுமா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். இனித் திரும்ப நிறுவவும் வேண்டாம், அப்படிச் செய்தால் பழுது எங்கே இருந்தது என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும். றேடியோவில் இருந்து மென்பொருள் வரைக்கும் ஒலி நாலைந்து கைமாறித்தான் போகிறது. எந்தக் கையில் நின்றுபோனது என்று அடியில் இருந்து பார்த்துக்கொண்டு வந்தால் அனேகமாகக் காசு செலவில்லாமலே முடியும்.

டெர்மினலைத் திறந்து எல்.எஸ்.யூ.எஸ்.பி என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். மலிவு டொங்கிள்கள் பலவற்றில் சி-மீடியா சிப்தான் இருக்கிறது, அந்தப் பெயர் பட்டியலில் வர வேண்டும். டொங்கிள் அதில் இல்லவே இல்லை என்றால் வயர், சொக்கெட், ஹப், அல்லது டொங்கிள் தான் காரணம், மென்பொருளில் எதை மாற்றியும் பயனில்லை. இருந்தால், ரெக்கோர்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ஒரு ஏ சேர்த்து, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் சிற்றெழுத்து எல்லும் போட்டு (arecord -l) அடியுங்கள். ஒலி வாங்கக்கூடிய காட்கள் எல்லாம் எண்ணோடும் பெயரோடும் வரும். இந்த எண்ணை நம்ப வேண்டாம். லினக்ஸ் காட்களைக் கண்டெடுத்த ஒழுங்கில்தான் எண் கொடுக்கிறது, எச்.டி.எம்.ஐ ஒலியும் ஒரு காட்டாகவே எண்ணப்படும், அதனால் இன்று 1 ஆக இருப்பது நாளைக்கு 2 ஆகலாம். டைர்வூல்ஃப் போன்ற றேடியோ மென்பொருள்களின் அமைப்புக் கோப்பில் கைப்பட எழுதும்போது எப்போதும் பெயரையே எழுதுங்கள். டபிள்யூ.எஸ்.ஜே.ரி-எக்ஸ்ஸைத் திறந்த பிறகு டொங்கிளைச் செருகியிருந்தால், மூடித் திரும்பத் திறந்து, ஓடியோ பகுதியில் காட்டை மறுபடி தெரிவு செய்யுங்கள்.

காட் தெரிகிறது, ஆனாலும் ‘பிஸி’ என்று பிழை வருகிறதா? அப்போது வேறொன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அனேகமாக அது கணினியின் ஒலியைப் பங்கிடும் சேவை: பழைய உபுண்டுவில் பல்ஸ்ஓடியோ, 22.10 இலிருந்து பைப்வயர். பாவுகொன்ட்ரோல் என்ற சிறிய மென்பொருளை நிறுவி, அதன் கடைசிப் பக்கத்தில் அந்த டொங்கிளை மட்டும் ‘ஓஃப்’ ஆக்கிவிட்டால் றேடியோ மென்பொருள் நேரடியாக லினக்ஸின் அடிப்படை ஒலிப் பகுதியான அல்சா வழியாக அதை எடுத்துக்கொள்ளும். இதில் இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. டொங்கிள்தான் கணினியின் பொதுவான ஒலி வெளியீடாக இருந்தால், நீங்கள் அனுப்பிக்கொண்டிருக்கும்போது வரும் மெசேஜ் சத்தமும் வீடியோப் பாட்டும் இலங்கைக்குரிய உங்கள் 4எஸ் அழைப்புக்குறியோடு சேர்ந்து காற்றில் போகும். அனுமதிப்பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, இதில் கவனமாக இருங்கள்.

கடைசியாக அளவு. அல்சாமிக்சரைத் திறந்து எஃப்6 இல் காட்டைத் தெரிந்து, எஃப்4 ஐ அழுத்தினால் உள்வரும் ஒலி தெரியும். அடியில் ‘கப்சர்’ (CAPTURE) என்ற சொல் இல்லாவிட்டால் வாய் கட்டியிருக்கிறது, ஸ்பேஸ் விசையால் அவிழுங்கள். ‘ஓட்டோ கெயின் கொன்ட்ரோல்’ என்று ஒன்று இருந்தால் கட்டாயம் நிறுத்துங்கள். அது ஆள் பேசுவதற்காகச் செய்தது, ஒரு பலமான நிலையம் வந்தவுடன் மெலிந்தவை எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கிவிடும். நிலையம் எதுவும் இல்லாமல் வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும்போது டபிள்யூ.எஸ்.ஜே.ரி-எக்ஸ்ஸின் பச்சைக் கம்பம் 30 டெசிபல் அளவில் நின்றால் சரி. இன்னொன்று, டொங்கிளின் மைக் துளையில் மைக்குக்கென்று சிறிய டி.சி மின்னழுத்தம் இருக்கும். றேடியோவின் ஸ்பீக்கர் வயரை நேரே அதில் குத்தாமல் 600 ஓம் ஒன்றுக்கு ஒன்று ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றை இடையில் வையுங்கள், உம்மென்ற 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் பெரும்பாலும் அதோடு போய்விடும்.

கேள்வி: கேட்பதில் குறையில்லை. 5 வாட்ஸில் அனுப்பினாலும் பிரச்சினையில்லை. 50 வாட்ஸ் கொடுத்தால் சவுண்ட் காட் காணாமல் போகிறது, கழற்றிப் பூட்டினால்தான் திரும்ப வருகிறது. (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: வாட்ஸ் கூடும்போது மட்டும் வருவதால் இது லினக்ஸின் பிழையாக இருக்க வாய்ப்பில்லை, உங்கள் அன்ரெனாவின் சக்தி யூ.எஸ்.பி வயருக்குள் திரும்பி ஏறுகிறது. டி.மெஸ்க் என்ற கட்டளையை கழித்தல் குறி, டபிள்யூவோடு (dmesg -w) ஓடவிட்டு (சூடோ கேட்கும்) அனுப்பிப் பாருங்கள், அதே நொடியில் ‘யூ.எஸ்.பி டிஸ்கனெக்ட்’ என்று ஒரு வரி விழும். யூ.எஸ்.பி வயரைக் குட்டையாக்கி, ஃபெரைட் வளையத்துக்குள் பல சுற்றுச் சுற்றுங்கள், ஒரு தரம் நுழைத்தால் போதாது. ஆனால் நோயின் வேர் வெளியில் இருக்கிறது. நீங்கள் ஒரு நுனியில் ஊட்டும் வயர் அன்ரெனா போட்டு, நிலக்கம்பியை மட்டும் நம்பியிருந்தால், நம்முடைய காய்ந்த மணல் நிலம் கோடையில் அதற்கு நல்ல தரையாக அமையாது, மிச்ச மின்னோட்டம் கோக்ஸ் வயரின் வெளிப்புறத்தால் வீட்டுக்குள் வந்துவிடும். நிலத்தோடு நாலு திசைக்கும் வயர்களை விரித்து, அன்ரெனாவின் ஊட்டும் இடத்தில் ஒரு சோக் (வயரின் வெளிப்புற மின்னோட்டத்தை மறிக்கும் சுருள்) போடுங்கள். இதற்கு ஒரு நாள் மினக்கெட்டாலும் தகும்.

கேள்வி: ஒலி வருகிறது, பி.ரி.ரி (றேடியோவை அனுப்பும் நிலைக்கு மாற்றுவது) வேலை செய்யவில்லை. சீரியல் போர்ட்டுக்கு அனுமதி இல்லை என்கிறது. (மல்லாவி மாணவர்)

பதில்: தம்பி, உபுண்டுவிலும் டெபியனிலும் உங்கள் பயனர் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்க்க வேண்டும், சேர்த்த பிறகு வெளியேறித் திரும்ப உள்நுழைய வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உபுண்டு 22.04 இல் சி.எச்.340 சிப் உள்ள யூ.எஸ்.பி-சீரியல் வயர் என்றால், போர்ட்டே தோன்றி மறைந்துவிடும். பார்வையற்றோரின் பிரெயில் கருவிக்கான பி.ஆர்.எல்.ரி.ரி.வை என்ற மென்பொருள் அந்த வயரைத் தன்னுடைய கருவி என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். பிரெயில் கருவி பாவிப்பவர் யாரும் அந்தக் கணினியில் இல்லை என்றால் மட்டும் அதை நீக்குங்கள்.

கேள்வி: விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருக்கிறது. லினக்ஸில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிழைக்கிறது, ஆனாலும் எஃப்.ரி.8 வாசிக்கிறது. எப்படி? (வவுனியா வாசகி)

பதில்: எஃப்.ரி.8 க்கு 15 விநாடிச் சுற்றின் தொடக்கம் பொருந்தினால் போதும். ஐந்தரை மணித்தியாலம் 15 விநாடியால் மீதியின்றிப் பிரியும், அதனால் வாசிக்கிறது. உங்கள் பதிவேட்டில்தான் நேரம் பிழையாக ஏறும், எதிர்ப்பக்கத்தவரின் பதிவோடு பொருந்தாமல் தொடர்பு உறுதியாகாது. விண்டோஸ் கணினிக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதை உலக நேரம் என்று வாசிக்கிறது. கணினி நேரத்தைச் சரிசெய்யும் குரோனி என்ற மென்பொருளை நிறுவினால் இணையம் கிடைத்ததும் திருத்திவிடும். சிக்னல் இல்லாத வயல் பக்கம் போய் நிலையம் போடுவதென்றால் யூ.எஸ்.பி ஜி.பி.எஸ் ஒன்றை அதை வாசிக்கும் ஜி.பி.எஸ்.டி மென்பொருள் வழியாகக் குரோனியோடு இணையுங்கள், அரை விநாடிக்குள் நின்றாலே தாராளம்.