ஏறும் நேரம் இருக்கட்டும், இறங்கும் நேரம் என்ன?

வங்கியின் தணிக்கைப் பிரிவில் 26 வருடம் இருந்தேன். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். அரூர், மணப்பாறை, கோவில்பட்டி என்று கிளை கிளையாகப் போய் கணக்குப் பார்க்கிற வேலை. தனியாகத்தான் போவேன், தனியாகத்தான் தங்குவேன். பெண்களின் பயணம் பற்றி எழுதச் சொன்ன ஆசிரியர், வாசகிகளின் கடிதக் கட்டையும் கையில் கொடுத்துவிட்டார். அதிலிருந்து சில.

அக்கா, எனக்கு வயது 22. சென்னையில் காலை பத்தரை மணிக்கு இண்டர்வியூ. முதல் தடவையாகத் தனியாகப் போகிறேன். இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடு என்கிறார் அப்பா. எந்த பஸ்ஸில் போகட்டும்?
– வாசகி, ராஜபாளையம்

அப்பா ஏறும் நேரத்தைப் பார்க்கிறார். நீங்கள் இறங்கும் நேரத்தைப் பாருங்கள் தங்கச்சி. ராஜபாளையத்தில் ராத்திரி ஒன்பது மணியானாலும் ஏற்றிவிட அப்பா இருப்பார். சென்னையில் கிளாம்பாக்கத்தில் இறங்கும்போதுதான் நீங்கள் தனி. பயணம் பத்து மணி நேரம் போல ஆகும். ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் விடிகாலை நாலு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதே ஒன்பது மணி பஸ் என்றால் ஏழு மணிக்கு நல்ல வெளிச்சத்தில் இறங்கலாம். நான் எப்போது டிக்கெட் எடுத்தாலும் முதலில் பார்ப்பது, போய்ச் சேரும் ஊரில் அப்போது டீக்கடை திறந்து ஆள் நடமாட்டம் இருக்குமா என்பதைத்தான்.

ஆம்னி பஸ்ஸில் படுக்கை என்றால் ஒற்றைப் படுக்கை வரிசையில், பஸ்ஸின் நடுப்பகுதியில், கீழ்ப் படுக்கையாக எடுங்கள். மேலே என்றால் ஏறி இறங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சாப்பிட நிறுத்துகிற இடத்தில் ஒரே நிறத்தில் நாலைந்து பஸ் நிற்கும். இறங்கியதும் நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை பெரும்பாலும் கட்டடத்துக்குப் பின்னால், வெளிச்சம் குறைந்த இடத்தில் இருக்கும். அதனால் கூட இறங்குகிற ஒரு பெண்ணிடம் "வர்றீங்களா, சேர்ந்து போய்ட்டு வந்துடலாம்" என்று கூப்பிடுங்கள். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்விக்கு எனக்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை.

அப்புறம் முக்கியமான ஒன்று. சென்னை நெருங்கும்போது கிளீனர் "கூடுவாஞ்சேரி, கூடுவாஞ்சேரி" என்று குரல் கொடுப்பார். தூக்கக் கலக்கத்தில் எல்லோரும் எழுந்திருக்க, நமக்கும் எழுந்திருக்கத் தோன்றும். உங்களை அழைத்துப்போக அங்கே ஆள் வந்து நின்றாலொழிய ரோட்டோரத்தில் இறங்காதீர்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வரை போங்கள். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த புது நிலையம் அது. உள்ளே வெளிச்சம், கழிப்பறை, உட்கார இடம் எல்லாம் உண்டு. முகம் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டு மாநகரப் பேருந்து பிடிக்கலாம்.

அப்பாவுக்கு டிக்கெட்டையும் பஸ் நம்பரையும் அனுப்பிவிடுங்கள். மணிக்கொரு தடவை பேசினால் போனில் சார்ஜ் தீர்ந்து, காலையில் ஆட்டோ கூப்பிடக்கூட இருக்காது. ஏறியதும் ஒன்று, சாப்பிட நிறுத்தும்போது ஒன்று, இறங்கியதும் ஒன்று என்று மூன்று தகவல் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகப் பயிற்சிக்காகக் கிருஷ்ணகிரியில் நான்கு நாள் லாட்ஜில் தங்க வேண்டும். என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பணம் கட்டுவதற்கு முன்னால் அறையைப் பார்க்க வேண்டும். "ரூமைக் காட்டுங்க, அப்புறம் எழுதறேன்" என்று சொல்வதற்குக் கூச்சமே வேண்டாம்.

ஒரு சின்ன ஊரில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி பதினொன்றரை இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். பூட்டுக்குள் சாவி நுழைகிற சத்தம். கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது. கதவு அரை அங்குலம் உள்ளே வந்து, தாழ்ப்பாளில் இடித்து நின்றது. நான் விளக்கைப் போட்டு "யாரது?" என்று கத்தினேன். "தண்ணி வேணுமா மேடம்" என்றது குரல். நான் தண்ணீர் கேட்கவே இல்லை. விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்தே இருந்தேன். காலையில் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். நாலு திருகாணி இருக்க வேண்டிய தட்டில் இரண்டுதான் இருந்தது, அதிலும் ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளியிருந்தால் கையோடு வந்திருக்கும். உடனே பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு லாட்ஜுக்கு மாறிவிட்டேன்.

அதனால் அறைக்குள் நுழைந்ததும் முதலில் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பூட்டை நம்பாதீர்கள், இன்னொரு சாவி வரவேற்பில் இருக்கும். கதவுக்கு அடியில் செருகுகிற ரப்பர் ஆப்பு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அன்றிலிருந்து அது இல்லாமல் நான் எங்கும் போனதில்லை. உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்கு அது போதும். அடுத்து ஜன்னல் கொக்கி, குளியலறை வென்டிலேட்டர். கட்டிலைப் பார்த்தபடி கடிகாரமோ, தேவையில்லாமல் சொருகிய சார்ஜரோ இருந்தால் கழற்றிவிட்டுத் துண்டைப் போட்டு மூடுங்கள். விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் கேமரா லென்ஸ் மின்னும்.

தரைத்தளம் வேண்டாம், நடைபாதையின் கடைசி அறையும் வேண்டாம். முதல் மாடியில் படிக்கட்டுப் பக்கமாகக் கேளுங்கள். வரவேற்பில் உங்கள் அறை எண்ணை நாலு பேர் காதில் விழச் சொன்னால் வேறு அறை கேளுங்கள். ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். லாட்ஜ் பிடிக்கவில்லையென்றால் சில ஊர்களில் அரசின் தோழி விடுதி இருக்கிறது. பெண்களுக்கு மட்டுமானது. போகிற ஊரில் உண்டா என்று கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வயது 58. குழுவோடு ரயிலில் காசிக்குப் போகிறேன். பாத்ரூமை நினைத்தால்தான் பயம். தண்ணீர் குடிக்காமல் சமாளித்துவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

கூடவே கூடாதம்மா. நானும் அப்படித்தான் இருந்தேன். அருப்புக்கோட்டையில் ஒரு வாரம் ஆடிட். அந்தக் கிளையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காலையிலிருந்து மாலை வரை ஒரு டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். ஐந்தாம் நாள் குளிர்க்காய்ச்சல், நீர்க்கடுப்பு. சிறுநீர்த் தொற்று என்று ஊசி போட்டார்கள். அது ஆறுவதற்குள் பட்டபாடு சொல்லி முடியாது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். அடக்கவும் வேண்டாம்.

ரயில் கழிப்பறைக்கு ஐந்து மணிக்கு முன்பே போய்வந்துவிடுங்கள். விடிந்தால் வரிசை நிற்கும், தரையும் நனைந்துவிடும். வழவழப்பான ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள செருப்பாகப் போடுங்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு தண்ணீர் பாட்டிலும் எடுத்துப் போங்கள். மிக அசுத்தமாக இருந்தால் 139-க்குப் போன் செய்து பெட்டி எண்ணைச் சொல்லலாம். பாதுகாப்பு, மருத்துவ உதவிக்கும் இதே எண்தான். முன்பு பாதுகாப்புக்கென்று இருந்த 182-ஐ 2021-இல் இதோடு சேர்த்துவிட்டார்கள்.

45 வயது கடந்த பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் எடுக்கிறவரிடம் உங்கள் வயதைச் சரியாகப் போடச் சொல்லுங்கள். கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் நிம்மதி. மனசு வரவில்லையென்றால் ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள். சிக்னலில் நின்ற ரயில் நகரத் தொடங்கும்போது வெளியிலிருந்து கை நீள்கிறது.

ராத்திரி ரயிலில் என்னிடம் டிக்கெட் இல்லையென்று டிடிஆர் நடுவழியில் இறக்கிவிட முடியுமா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

முடியாது. ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணை அவள் ஏறிய நிலையத்திலோ, ஜங்ஷன், கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையத்திலோதான் இறக்கலாம், அதுவும் பகலில் மட்டும். 1989 ரயில்வே சட்டம், 139-ஆம் பிரிவு. அபராதமும் கட்டணமும் கட்டத்தான் வேண்டும், அது வேறு.

பஸ்ஸில் பின்னால் நிற்பவர் வேண்டுமென்றே உரசுகிறார். கத்தினால் என்னைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகி, ஆவடி

பார்க்கட்டும். அவர்கள் பார்ப்பதுதான் உங்களுக்குத் துணை. ஆனால் வெறுமனே "ச்சீ" என்று சொன்னால் யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரியாது. "நீலச் சட்டை, கையை எடுங்க!" என்று சட்டை நிறத்தைச் சொல்லிக் கத்துங்கள். பஸ் முழுக்க அந்தச் சட்டையைத் தேடும். அண்ணா, சார் என்றெல்லாம் கெஞ்ச வேண்டாம்.

அடுத்து கண்டக்டரிடம் புகாராகவே சொல்லுங்கள். 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்ட பெண் புகார் சொன்னால் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டியது ஓட்டுநர், நடத்துநரின் கடமை என்று அதில் இருக்கிறது. "ஸ்டேஷனுக்கு விடுங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவசர உதவி எண் 112-க்கும் போன் செய்யலாம். எந்த ஊரில் நடந்தது என்ற எல்லைப் பிரச்சினை சொல்லி எந்த ஸ்டேஷனிலும் புகாரை மறுக்க முடியாது. வாங்கிக்கொண்டு உரிய நிலையத்துக்கு அவர்கள்தான் மாற்ற வேண்டும்.

பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, நாகர்கோவில்

வைத்துக்கொள்ளலாம், விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள். ஆனால் அது பையின் அடியில் சீப்புக்கும் சில்லறைக்கும் நடுவே கிடந்தால் பயனில்லை. எட்டுகிற இடத்தில் வெளி ஜிப்பில் வையுங்கள். காலாவதி தேதியைப் பாருங்கள். ஒரு தடவை மொட்டை மாடியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்போது அடித்துப் பழகிக்கொள்ளுங்கள்.