மகளுக்கு ஏன் ஸ்டார் ட்ரெக் பிடிக்கவில்லை?

கேள்வி: எண்பதுகளில் ஞாயிறு காலை தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கப்பல் தொடரைப் பார்த்து வளர்ந்தவன் நான். கோடை விடுமுறையில் என் 14 வயது மகளுக்கு அதை முதல் எபிசோடிலிருந்து போட்டுக் காட்டினேன். நான்காவதிலேயே போனை நோண்ட ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தலைமுறைக்குப் பொறுமையே கிடையாதா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: பொறுமை இல்லாத பெண் மூன்று எபிசோட் தாங்கியிருக்க மாட்டாள், சார்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் முதலிலிருந்தா பார்த்தீர்கள்? கரண்ட் போன வாரம், கல்யாணத்துக்குப் போன வாரம் எல்லாம் விட்டுப்போயிருக்குமே. அப்படியும் அடுத்த ஞாயிறு கதை புரிந்தது. 1966 முதல் 1969 வரை வந்த அந்த 79 எபிசோடுகளில் பெரும்பாலானவை தனித்தனிக் கதைகள், எங்கே நுழைந்தாலும் வழி இருந்தது. நீங்கள் வழியில் ஏறிக்கொண்ட பஸ்ஸில் மகளை டெப்போவிலிருந்து கூட்டி வருகிறீர்கள்.

அவள் கண்ணில் படுவது ஒரு பாடத்திட்டம். 1987-இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற இரண்டாம் தலைமுறைத் தொடர் மட்டுமே 178 எபிசோட். அதன் பழைய குழு முழுவதும் 'பிகார்ட்' என்ற பிந்தைய தொடரின் மூன்றாவது சீசனில் மறுபடி ஒன்றுசேர்ந்தபோது எனக்குக் கண் கலங்கியது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது ஊர் பேர் தெரியாதவர் வீட்டு விசேஷம். எல்லோரும் ஏன் கட்டிப்பிடித்து அழுகிறார்கள் என்று விழிக்க வேண்டியதுதான்.

நாம் வாய் பிளந்த விஷயங்களும் பழசாகிவிட்டன. நாம் பார்த்த முதல் தொடரின் கேப்டன் கிர்க் மூடியைத் திறந்து பேசும் கருவி அவளுக்குத் தாத்தாவின் பழைய செல்போன். பனிப்போர் நடந்த 1967-இல் அமெரிக்கத் தொடரில் செகோவ் என்ற ரஷ்ய இளைஞனைக் கப்பலில் உட்கார வைத்தது எவ்வளவு துணிச்சல்! பின்னணி தெரியாவிட்டால் அவன் இன்னொரு மாலுமி, அவ்வளவே.

சரி, என்ன செய்யலாம்? வரிசையை மறந்துவிட்டு, ட்ரிபிள் என்ற பஞ்சு உருண்டைப் பிராணிகள் தானியத்தைத் தின்று தின்று பெருகும் அந்த 1967 எபிசோடை மட்டும் போடுங்கள். இல்லையென்றால் 2021-இல் வந்த 'ப்ராடிஜி' என்ற ஸ்டார் ட்ரெக் அனிமேஷன் தொடர். கைவிடப்பட்ட கப்பல் ஒன்று சில பிள்ளைகள் கையில் கிடைக்கிறது. ஸ்டார் ட்ரெக் கப்பல்களெல்லாம் சேர்ந்த கிரகங்களின் கூட்டமைப்பு பற்றி உங்கள் மகளைப் போலவே அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. சிறுவர்களுக்கென்றே எடுத்த இதைத்தான் ஸ்டார் ட்ரெக்கின் சொந்த வீடான பாரமவுண்ட் பிளஸ் 2023-இல் தன் தளத்திலிருந்து தூக்கியது! இரண்டாவது சீசனை நெட்ஃபிளிக்ஸ்தான் வெளியிட்டது. அப்புறம் இளைஞர்கள் வரவில்லை என்று புலம்புவார்கள்.

இன்னொன்று. பக்கத்தில் உட்கார்ந்து "இப்போ பாரு, இப்போ வரும் பாரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். என் பையன் எழுந்து போனது அதனால்தான்.