‘அப்படியே ஞாபகம் இருக்கிறது’

கேள்வி: பள்ளி நாட்களில் அப்பா எல்லோர் முன்னாலும் என்னைக் கேவலமாகத் திட்டியது எனக்கு இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. அன்றுதான் இனி யாரையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன். அண்ணனோ, ‘அன்று திட்டு வாங்கியவன் நான், நீ இல்லை’ என்கிறார். என் அனுபவத்தை மறுக்க அவர் யார்? அவரவர் அனுபவம்தானே அவரவர் உண்மை?

பதில்: கடைசிக் கேள்விக்கு விடை: இல்லை. அப்பா அன்று ஒருவரைத்தான் திட்டினார் என்றால், அது நீங்களா அண்ணனா என்பதற்கு ஒரு விடைதான் இருக்க முடியும். உங்களுக்கு வலித்ததை அவர் மறுக்க முடியாது. நடந்தது என்ன என்பதைப் பேச அவருக்கும் உங்கள் அளவுக்கு உரிமை உண்டு. உண்மையை ஆளுக்கொன்றாகப் பங்கு போடும் பேச்சோடு இந்தப் பக்கம் நெடுநாளாகச் சண்டை போடுகிறது. இன்றும் விடுவதாக இல்லை.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் ‘அப்படியே’தான்.

1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறியது. மறுநாள் காலையே அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் 106 மாணவர்களிடம் தாள் கொடுத்து எழுதி வாங்கினார்கள்: செய்தி காதில் விழுந்தபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார், என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். 11 பேரின் பதிலில் முக்கிய விவரம் ஒன்றுகூட முதல் தாளோடு பொருந்தவில்லை. அடுத்தவர் சொல்லிக் கேட்டவர்கள் பலர் தொலைக்காட்சியில் முதலில் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்தக் காட்சியைப் பிறகு திரும்பத் திரும்பப் பார்த்ததால் அதுவே முதல் காட்சியாகி உட்கார்ந்துவிட்டது. அவர்கள் கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. புதியதைத்தான் நம்பினார்கள். அவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதை அண்ணனோடு வாதாடுமுன் மனதில் வையுங்கள். தெளிவாகத் தெரிவதும் உறுதியாகச் சொல்வதும் சரியாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

உங்கள் வழக்குக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று 2001இல் வந்தது. மெர்சிடஸ் ஷீன், சைமன் கெம்ப், டேவிட் ரூபின் மூவரும் இரட்டையர்களை விசாரித்தார்கள். ஒரே சம்பவத்தை இருவருமே ‘எனக்கு நடந்தது’ என்று உரிமை கொண்டாடும் நினைவுகள் பல ஜோடிகளிடம் கிடைத்தன. இரட்டையர் அல்லாத உடன்பிறந்தவர்களிடமும் இது உண்டு. ஒரு வீட்டில், ஒரே வயதை ஒட்டி வளர்ந்த பிள்ளைகள் ஒரு கதையைப் பலமுறை கேட்டு, மனதில் காட்சியாகப் பார்த்து, நாளடைவில் அந்தக் காட்சிக்குள் தாங்களே போய் நின்றுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் இது யாருக்கு நேர்ந்தது என்று நான் சொல்ல முடியாது. உங்களுக்கும் நேர்ந்திருக்கலாம், அண்ணனுக்கும் நேர்ந்திருக்கலாம்.

நினைவு ஏன் இப்படி நகர்கிறது? நாம் நினைவைச் சேமித்து வைத்து எடுப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம். 1932இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் இதைக் காட்டினார். அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை இங்கிலாந்து மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டு விட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதையில் வந்த மரக்கலம் சாதாரணப் படகானது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது, புரியாத இடங்கள் உதிர்ந்தன. எஞ்சியதை அவர்களுக்குப் பழகிய காரண காரியம் ஒட்டவைத்தது. கேட்பவர் தலையாட்டும் இடம் பெரிதாகும், கொட்டாவி விடும் இடம் சுருங்கும். பத்து வருடம் சொன்ன கதையில் கேட்டவர்களின் கைவண்ணமும் கலந்திருக்கும்.

கேள்வியே கூட நினைவை மாற்றும். 1974இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் கார் மோதும் படத்தைக் காட்டி, ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று ஒரு குழுவிடமும் ‘தொட்டபோது’ என்ன வேகம் என்று இன்னொரு குழுவிடமும் கேட்டார்கள். முதல் குழு சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றது, இரண்டாவது 31.8 மைல் என்றது. அடுத்த சோதனையில், ஒரு வாரம் கழித்து ‘உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?’ என்று கேட்டபோது ‘நொறுங்கிய’ குழுவின் 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். ‘இடித்தபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ‘அப்பா எவ்வளவு மோசமாகத் திட்டினார்?’ என்று நண்பர் அனுதாபத்தோடு கேட்பதும் இந்த வகைக் கேள்விதான்.

இனி உங்கள் கடிதத்தின் கனமான வரிக்கு வருகிறேன்: ‘அன்றுதான் முடிவெடுத்தேன்.’ சம்பவத்தைவிட எனக்கு இந்த ‘அன்றுதான்’மேல்தான் சந்தேகம் அதிகம். இந்த இதழுக்கு வரும் அனுபவக் கட்டுரைகளில் முக்கால்வாசிக்கும் ஒரு திருப்புமுனை நாள் இருக்கிறது. ஒரு குணம் ஒரே நாளில் உருவாவது அபூர்வம். ஆனால் கதைக்கு ஒரு நாள் வேண்டியிருக்கிறது, நாமும் ஒன்றைத் தேடிக் கொடுத்துவிடுகிறோம். காரணம் கற்பிப்பதில் மனிதர் எவ்வளவு சுறுசுறுப்பு என்பதை 2005இல் பெட்டர் யோஹான்சனும் லார்ஸ் ஹாலும் சோதித்தார்கள். இரண்டு முகப்படங்களைக் காட்டி, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கைத்திறனால் படத்தை மாற்றிக் கையில் கொடுத்து, ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் மாற்றத்தைக் கவனிக்கவில்லை. தாங்கள் ஒதுக்கிய முகத்தைக் கையில் வைத்துக்கொண்டே காரணங்களை அடுக்கினார்கள். சிலர் சொன்ன காரணம் அந்த மாற்றுப்படத்தில் மட்டுமே இருந்தது. ‘நான் இப்படி ஆனது அதனால்தான்’ என்பதையும் இதே மனம்தான் சொல்கிறது. யாரையும் நம்பாத குணம் உங்களுக்கு வேறு பல நாட்களில், சிறுகச் சிறுக வந்திருக்கலாம். அந்தக் காட்சி பிறகு அதற்கு முகவுரையாக வந்து சேர்ந்திருக்கலாம்.

அதற்காக நினைவெல்லாம் குப்பை என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவியிழக்க வைத்த வாட்டர்கேட் ஊழல் விசாரணையில், 1973இல், அவருடைய சட்ட ஆலோசகராக இருந்த ஜான் டீன் அவருடன் நடந்த உரையாடல்களைச் சாட்சியமாகச் சொன்னார். அந்த உரையாடல்களின் ஒலிநாடாக்கள் பிறகு வெளிவந்தன. நைசர் 1981இல் இரண்டையும் ஒப்பிட்டார். யார் எந்தச் சந்திப்பில் எந்த வாக்கியத்தைச் சொன்னார் என்பதில் டீன் நிறையத் தவறியிருந்தார், தன்னை நடுநாயகமாகவும் வைத்திருந்தார். ஆனால் மேலிடம் குற்றத்தை மூடி மறைத்தது என்ற சாரம் சரியாக இருந்தது. மீண்டும் மீண்டும் நடந்ததன் சாரம் இப்படித் தங்கும். உங்கள் அப்பா கடுமையானவர் என்பது பல வருடத்துச் சாரமாக இருந்தால் அது நிற்கும். குறிப்பிட்ட அந்த ஒரு நாள்தான் ஆட்டம் காண்கிறது.

செய்ய வேண்டியது இது. நீங்களும் அண்ணனும் இனி இதைப் பற்றிப் பேசாமல், தனித்தனியே, ஒரே நாளில் எழுதுங்கள். பேசிவிட்டு எழுதினால் ஒருவர் விவரம் மற்றவர் தாளில் ஏறிவிடும், பிறகு அந்த ஒற்றுமையைச் சான்று என்று நினைப்பீர்கள். அர்த்தத்தில் தொடங்காதீர்கள். இடம், வெளிச்சம், யார் எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது என்று தொடங்குங்கள். அற்பமாகத் தோன்றுவதையும் விடாதீர்கள். முடிவிலிருந்து பின்னோக்கி இன்னொரு முறை எழுதுங்கள். முன்னோக்கிச் சொல்லும்போது கதையின் ஓட்டம் இடைவெளிகளை நிரப்பிவிடும், பின்னோக்கி வரும்போது அந்த இடைவெளிகள் தெரியும். 1980களில் எட்வர்ட் கைசல்மனும் ரொனால்ட் ஃபிஷரும் சாட்சிகளை விசாரிக்க வகுத்த முறையில் இடத்தை மனதில் கொண்டுவருவது, அற்பத்தையும் விடாதது, பின்னோக்கிச் சொல்வது மூன்றும் உண்டு.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறியுங்கள்: பார்த்தது, பிறர் சொன்னது, ஊகித்தது. மூன்றாவது குறி பாதிக்கு மேல் விழுந்தால் வியப்படையாதீர்கள். அந்தக் காட்சியில் உங்களையே வெளியிலிருந்து பார்க்கிறீர்களா என்றும் கவனியுங்கள். அப்படிப் பார்ப்பதால் மட்டும் நினைவு பொய்யாகிவிடாது, பின்னால் கட்டப்பட்ட பகுதி அதில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

வீட்டில் மூன்றாவது ஆள் இருந்தால், ‘திட்டு வாங்கியது யார்?’ என்று கேட்காதீர்கள். அது இரண்டு விடைகளைக் கையில் கொடுத்துவிடும். ‘அன்று என்ன நடந்தது?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பழைய கடிதம், மதிப்பெண் அட்டை, தேதியுள்ள குறிப்பு எது கிடைத்தாலும் நல்லது. படங்களை மட்டும் எழுதி முடித்த பிறகே பாருங்கள். 2002இல் கிம்பர்லி வேட் குழுவினர், சிறுவயதில் வெப்பக் காற்றுப் பலூனில் பறந்ததாகப் போலிப் படம் ஒட்டிக் காட்டி மூன்று முறை பேட்டி எடுத்தபோது, 20 பேரில் 10 பேருக்கு நடக்காத பயணம் ஓரளவோ முழுதாகவோ ‘ஞாபகம்’ வந்தது.

இரண்டு தாளும் பொருந்தாவிட்டால் இரண்டையும் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திருத்தி மற்றதாக்க வேண்டாம். அண்ணனிடம் தாளைக் கொடுக்கும்போது, அவர் பொய் சொல்கிறார் என்று நீங்கள் நினைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். அன்று திட்டு வாங்கியவர் அவர்தான் என்றால், இத்தனை வருடமாக அவர் வலியை யாரும் விசாரிக்கவே இல்லை.