மூடுவதற்கு முன் எழுதிவிடுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் அரை கிரவுண்டில் இரண்டு மாடி வீடு கட்டும் பணியை மேற்பார்வையிடுகிறேன். வீட்டுக்காரர் வாய்மொழியாக மாற்றச் சொல்கிறார், மேஸ்திரியும் உடனே செய்துவிடுகிறார். பில் போடும்போது ‘யார் சொன்னது?’ என்று தகராறு வருகிறது. மாறுதல்களை எப்படிப் பதிவு செய்வது?

பதில்: பில் தகராறு பேசித் தீர்ந்துவிடும். சுவருக்குள் போன பைப்பைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ராயபுரத்தில் ஒரு வீட்டில் சமையலறைப் பைப்பை ஒன்பது அங்குலம் தள்ளி வைக்கச் சொன்னேன். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வீடு முடிந்து அலமாரி மாட்டத் துளையிட்டபோது தண்ணீர் பீறிட்டது. புது டைல்ஸை உடைக்க வேண்டியதாயிற்று. தவறு என்னுடையது. காலையில் சுவரில் காடி (பைப் பதிக்கும் பள்ளம்) வெட்டிப் பைப் வைத்தால் மாலைக்குள் பூசிவிடுகிறார்கள். எழுத நமக்குக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம்தான்.

வரைபடத்தின் ஒரு பிரதியை இதற்கென்றே பிளாஸ்டிக் உறையில் போட்டு சைட்டில் வைத்திருங்கள். சேர்த்ததைச் சிவப்பு மையிலும் நீக்கியதைப் பச்சை மையிலும் குறியுங்கள். பக்கத்திலேயே தேதி, சொன்னவர், காரணம், உங்கள் சுருக்கொப்பம் இருக்கட்டும். தவறாக எழுதியதை வெள்ளை மை பூசி மறைக்காதீர்கள். பழையது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு அடித்துச் சுருக்கொப்பமிடுங்கள். அரசுப் பணிகளில் செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்திலும் இதுதான் முறை.

‘பைப் இடம் மாறியது’ என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. ‘வடக்குச் சுவர், கிழக்கு மூலைப் பில்லர் முகத்திலிருந்து 620 மி.மீ., லெவல் குறிக்குக் கீழே 550 மி.மீ., பூச்சுக்கு முன் அளந்தது’ என்று எழுதுங்கள். லெவல் குறி என்பது சுவர்களில் ஒரே மட்டத்தில் போட்டுவைக்கும் கோடு. பூச்சும் டைல்ஸும் சேர்ந்தால் அளவு மாறும் என்பதால்தான் காங்கிரீட் முகத்திலிருந்து அளக்கச் சொல்கிறேன். டேப்பைப் பிடித்து, எண் தெளிவாகத் தெரிய ஒரு படமும், ஜன்னலோ பில்லரோ தெரிய எட்ட நின்று ஒரு படமும் எடுங்கள். அன்று மாலையே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் மாறுதலையும் கூடுதல் செலவையும் அனுப்பிச் சம்மதம் கேளுங்கள். வாரம் ஒருமுறை நோட்டில் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

வடசென்னையின் பழைய தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால், பில்லர் குழி தோண்டும்போது பக்கத்து வீட்டுப் பழைய செங்கல் அஸ்திவாரம் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அங்கே நீங்களோ மேஸ்திரியோ முடிவெடுக்கக் கூடாது. அந்தப் பக்கம் இடமில்லாமல் பில்லர் நம் அஸ்திவாரத்தின் ஓரத்துக்குப் போனால், பாரம் அதன் நடுவில் இறங்காது. வேலையை நிறுத்திப் படமெடுத்து, கட்டமைப்புப் பொறியாளரிடம் திருத்திய வரைபடம் வாங்குங்கள். கம்பி கட்டுபவர் கையில் இருக்கும் பழைய பிரதியை உடனே வாங்கி ‘ரத்து’ என்று எழுதுங்கள். பழைய பிரதியைப் பார்த்துக் கம்பி கட்டுவதால் வரும் தவறுகளை அதிகம் பார்த்திருக்கிறேன்.

பக்க இடைவெளி, உயரம், மாடி எண்ணிக்கை ஆகியவை மாறினால் நோட்டுப் பதிவு போதாது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி திருத்திய வரைபடத்துக்கு அனுமதி பெற்ற பிறகே கட்டுங்கள்.

ஏற்கெனவே மூடிய வேலைகளுக்கு, பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் சைட்டை விட்டுப் போவதற்குள் அவர்களைச் சுவர் சுவராக அழைத்துச் சென்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பென்சிலில் மட்டும் குறித்து, ‘நேரில் பார்க்கவில்லை’ என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.